நர்ப்ஸில் கார் பாடி: பரப்புகள் ஒட்டாதபோது எங்கே பார்ப்பது

நர்ப்ஸ் (கட்டுப்புள்ளிகளை வைத்து வளைந்த பரப்புகளைக் கணினியில் கட்டும் முறை) மென்பொருளில் கார் பாடி கட்டுகிறவர்களின் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "இரண்டு பரப்பும் சேர மாட்டேன் என்கிறது" என்பது ஒன்று. "சேர்ந்துவிட்டது, ஆனால் வெளிச்சம் ஓடுகிற இடத்தில் மடிப்புத் தெரிகிறது" என்பது இன்னொன்று. உடனே கை போவது அந்த விளிம்புக்கு. அங்கேயே மேட்ச் (ஒரு பரப்பின் விளிம்பை இன்னொன்றோடு பொருத்துவது), பிளெண்ட் (இரண்டுக்கும் நடுவே இணைப்புப் பரப்பு போடுவது), மறுபடி மேட்ச் என்று பொழுது போய்விடும். விளிம்பில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் விளிம்பில் பிறந்ததாக இருக்காது. பரப்பை எத்தனை புள்ளிகளால் கட்டினோம், எங்கே பிரித்தோம், எதை முதலில் கட்டினோம் என்பதில்தான் அதன் வேர் இருக்கும். அறிகுறியைப் பிடித்துக்கொண்டு அந்த வேருக்குப் போகும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கட்டளைப் பெயர்கள் ரைனோ என்ற மென்பொருளில் உள்ளபடி. ஏலியஸில் பெயர்கள் மாறும், கணக்கு மாறாது. எடுத்துக்காட்டுக்கு எல்லோரும் அறிந்த பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில். பழகுவதற்கு அதைவிட நல்ல வண்டி இல்லை என்பேன். எங்கு பார்த்தாலும் உருண்டை என்பதால் சின்னக் கோளாறைக்கூட ஒளி காட்டிக் கொடுத்துவிடும். வண்டியின் நீளம் எக்ஸ், அகலம் ஒய், உயரம் இசட். நடுத்தளம் ஒய் = 0.

பெரிதாக்கினால் இடுக்கு தெரிகிறது, ஜாயின் செய்தால் மறைகிறது

இது பிழையே இல்லை, முதலில் ஒதுக்கிவிடுங்கள். திரையில் நாம் பார்ப்பது நர்ப்ஸ் பரப்பை அல்ல, அதை வைத்து மென்பொருள் பின்னிய முக்கோண வலையை. தனித்தனிப் பரப்புக்குத் தனித்தனி வலை. வளைந்த விளிம்பில் ஒரு வலையின் முனைக்கு எதிரே மற்றதன் முனை வராததால் கீறல் போல ஒன்று தெரியும். மெஷ் அமைப்பை நுணுக்கமாக்கினால் குறைந்துவிடும்.

ஜீப்ரா பட்டைகளும் (ஒளி ஓட்டத்தைச் சோதிக்கப் பரப்பின் மேல் காட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள்) இதே வலையின் மேல்தான் வரையப்படுகின்றன. வலை முரடாக இருந்தால் நல்ல பரப்பிலும் பட்டை பல்லுப் பல்லாகத் தெரியும். ஜீப்ராவைத் திறந்ததும் அட்ஜஸ்ட் மெஷ்ஷில் வலையை நுணுக்கிவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னொன்று: எங்கிருந்தோ இறக்கிய மாடல் ஆதிப்புள்ளியிலிருந்து வெகு தொலைவில் கிடந்தால் திரையில் கோடுகள் நடுங்கும், பரப்பு சுருங்கினாற்போலத் தெரியும். முதலில் வண்டியை ஆதிப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

ஜாயின் ஆக மறுக்கிறது

ஷோ எட்ஜஸ் கட்டளையில் நேக்கட் எட்ஜ் (வேறெதனோடும் ஒட்டாத விளிம்பு) எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கோப்பின் அலகும் டாலரன்ஸும் (எவ்வளவு விலகல்வரை ஒட்டியதாகக் கொள்வது என்ற அளவு). காருக்கு மில்லிமீட்டர் அலகில் 0.01 அல்லது 0.001 வைத்துக்கொள்வது வழக்கம். இதில் ஒரு பொறி உண்டு. கோப்பு மீட்டர் அலகில் இருந்து, டாலரன்ஸ் 0.01 என்று இருந்தால், அது 10 மி.மீ. அந்தக் கோப்பில் எல்லாமே சமத்தாக ஒட்டிக்கொள்ளும், விரல் நுழையும் இடுக்கு உட்பட. பிறகு அலகை மாற்றும்போதுதான் உண்மை வெளியே வரும். வேலை தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் டாலரன்ஸை இறுக்கினால் ஏற்கெனவே கட்டிய பரப்புகள் தாமாகத் திருந்தாது.

அலகு சரி, டாலரன்ஸ் சரி, இன்னும் ஒட்டவில்லை என்றால் பக்கத்துப் பரப்பை எதை வைத்துக் கட்டினீர்கள் என்று பாருங்கள். ஒரே வளைகோட்டை இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்தினேன், அப்படியும் ஒட்டவில்லை என்று பலர் சொல்வதுண்டு. கோடுகளிலிருந்து பரப்பு கட்டும் கட்டளைகளான நெட்வொர்க் சர்ஃபேஸும் ஸ்வீப் 2-வும் கொடுத்த கோட்டின் மேல் அச்சுப் பிசகாமல் உட்காரும் என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு நெருங்கி வந்தால் போதும் என்று நின்றுவிடும். இரண்டு பரப்பும் கோட்டின் ஆளுக்கொரு பக்கமாக விலகினால் இடுக்கு இரட்டிப்பாகிறது. இரண்டாவது பரப்பைக் கட்டும்போது வரைந்த கோட்டை விட்டுவிட்டு, முதல் பரப்பின் விளிம்பையே தேர்ந்தெடுங்கள். ஜாயின் ஆவது மட்டுமல்ல, டேன்ஜென்சி (விளிம்பில் சாய்வும் ஒத்துப்போவது) கேட்கும் வசதியும் அப்போதுதான் கிடைக்கும்.

ஜாயின் எட்ஜ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. டாலரன்ஸைத் தாண்டிய இடுக்கையும் அது ஒட்டிவிடும், அதாவது ஒட்டியதாகக் கணக்கில் எழுதிவிடும். பரப்பு இருந்த இடத்தில்தான் இருக்கும். எக்ஸ்ப்ளோட் செய்து (ஒட்டிய பரப்புகளைத் திரும்பப் பிரித்து) ரீபில்டு எட்ஜஸ் கொடுத்தால் பழைய இடுக்கு அப்படியே நிற்கும். 3டி பிரிண்டுக்கு அவசரமாக அனுப்ப வேண்டும் என்றால் சரி, கார் பாடிக்கு வேண்டாம்.

ஜாயின் ஆகிவிட்டது, ஜீப்ராவில் பட்டை உடைகிறது

எப்படி உடைகிறது என்று பாருங்கள். பட்டை விளிம்பில் அறுந்து பக்கவாட்டில் விலகி நின்றால், பரப்புகள் தொடுகின்றன, அவ்வளவுதான்: ஜி0. பட்டை சேர்கிறது, ஆனால் சேரும் இடத்தில் சடக்கென்று திசை திரும்புகிறது என்றால் ஜி1. விளிம்பு இருப்பதே தெரியாமல் பட்டை வளைந்து ஓடினால் ஜி2.

இது மூன்றும் கன்ட்ரோல் பாயின்ட் (கட்டுப்புள்ளி) வரிசைகளில் எழுதப்பட்டிருக்கிறது. விளிம்பின் மேலேயே கிடக்கும் முதல் வரிசை இடத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் வரிசை சாய்வை, மூன்றாம் வரிசை வளைவின் அளவை. ஜி1 வேண்டுமென்றால் விளிம்புப் புள்ளியும், அதற்கு இந்தப் பக்கம் உள்ள அடுத்த புள்ளியும், அந்தப் பக்கம் உள்ள அடுத்த புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இதுவரை எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். இன்னொன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: அந்த இரண்டு தூரங்களின் விகிதமும் விளிம்பு நெடுக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் இந்தப் பக்கம் 40 மி.மீ., அந்தப் பக்கம் 80; மறு முனையில் இரண்டும் 60 என்று வைத்தால், புள்ளிகள் எல்லாம் நேர்கோட்டில் இருந்தும் பெரும்பாலும் நடுவில் மடிப்பு வந்துவிடும். கையால் புள்ளியை நகர்த்திச் சரிசெய்கிறவர்கள் "எல்லாம் நேராகத்தானே இருக்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

எட்ஜ் கன்டினியூயிட்டி கட்டளை விளிம்பின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு விலகல் என்று எண்ணில் காட்டும். ஜீப்ரா கண்ணுக்கு, அது கணக்குக்கு. இரண்டும் வேண்டும்.

எல்லா விளிம்பிலும் ஜி2 தேடி அலையவும் வேண்டாம். பீட்டிலின் ஃபெண்டர் பாடியோடு போல்ட்டில் முடுக்கப்பட்ட தனித் தகடு, இடையில் ஒரு பீடிங் (மெல்லிய ஓரப்பட்டை) ஓடும். அங்கே ஃபெண்டரையும் பாடியையும் வழவழவென்று இணைத்துவிட்டால் அது பீட்டிலாகவே இருக்காது. ஜி0-வில் சந்திக்க விட்டு, சந்திப்புக் கோட்டில் மெல்லிய குழாய் ஒன்றை ஓட்டிவிடுங்கள். உண்மையான வண்டியில் தகடு எங்கே முடிகிறதோ அங்கே பரப்பும் முடியலாம்.

ஒரு விளிம்பைச் சரிசெய்தால் எதிர் விளிம்பு கழன்றுகொள்கிறது

தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை மாதிரி. காரணம் எண்ணிக்கை. டிகிரி (வளைவுக் கணக்கின் படி) 3, ஒரே ஸ்பான் (இடையில் பிரிவில்லாத ஒரே துண்டு) என்றால் ஒரு திசையில் 4 புள்ளிகள். ஒரு விளிம்பில் ஜி1 பிடிக்க 2 வரிசை, எதிர் விளிம்பில் ஜி1 பிடிக்க 2 வரிசை. கணக்குத் தீர்ந்தது. அங்கே ஒரு பக்கம் ஜி2 கேட்டால் மூன்றாம் வரிசையை எதிர்ப் பக்கத்திலிருந்து பிடுங்கித்தான் கொடுக்க முடியும். இரு பக்கமும் ஜி2 வேண்டுமென்றால் 3 + 3, ஆக 6 புள்ளிகள், டிகிரி 5. பிளெண்ட் பரப்புகள் டிகிரி 5-இல் வருவதற்குக் காரணம் இதுதான். சேஞ்ச் டிகிரி கொடுத்து 5 ஆக்கிவிட்டு மேட்ச் செய்யுங்கள். டிகிரியை ஏற்றுவதால் பரப்பின் வடிவம் மாறாது, இடம் மட்டும் கூடும். ரீபில்டு (புள்ளிகளைப் புதிதாக அடுக்குவது) அப்படியல்ல, அது வடிவத்தையே அசைத்துவிடும்.

நான்கு பரப்புகள் சந்திக்கும் மூலை இதைவிடச் சிக்கல். மூலைக்கு அருகிலுள்ள 2 × 2 புள்ளிகள் ஒரே நேரத்தில் இரண்டு விளிம்புகளுக்கும் சொந்தம். ஒரு விளிம்புக்காக அவற்றை நகர்த்தினால் மற்றதற்குக் கெடும். மேட்ச் சர்ஃபேஸில் மல்டிப்பிள் மேட்சஸ் என்று ஒரு வசதி உண்டு, விளிம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் சேர்த்துக் கணக்கிடும். மூலையில் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் அடிப்படையில் தேவைப்படுவது ஒரு படிநிலை. கூரை, பானெட், பக்கவாட்டு போன்ற பெரிய பரப்புகள் முதலில். அவற்றை இணைக்கும் பிளெண்டுகள் அடுத்து. மூலைகள் கடைசியில். சிறியதுதான் பெரியதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். ஒரு மூலையைக் காப்பாற்றப் போய்க் கூரையின் புள்ளியை நகர்த்துகிற கட்டம் வந்துவிட்டால், அந்த மூலையை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது மலிவு.

மேட்ச் செய்ததும் பரப்பு நெளிகிறது, ஐசோகர்வ் (பரப்பின் மேல் ஓடும் கட்டக்கோடு) காடாகிறது

எதிரே இருப்பது ட்ரிம் செய்த (பரப்பை வெட்டி உண்டாக்கிய) விளிம்பா என்று பாருங்கள். இயல்பான விளிம்பு ஒரு புள்ளி வரிசையின் மேல் நிற்கிறது. ட்ரிம் விளிம்புக்கு அப்படி எதுவும் கிடையாது. பரப்பின் குறுக்கே ஓடும் ஒரு தோராயக் கோடு அது, பெரும்பாலும் நிறைய ஸ்பான்களோடு இருக்கும். அதற்கு உங்கள் பரப்பைப் பொருத்தச் சொன்னால், கூடவே ரிஃபைன் மேட்ச்சும் போட்டிருந்தால், மென்பொருள் புதிது புதிதாக ஐசோகர்வ்களைச் செருகி அந்தக் கோட்டைத் துரத்தும். கணக்கில் பொருந்திவிடும், ஜீப்ராவில் தண்ணீர் அலைபோல் ஆடும்.

மருந்து மூன்று. முதலாவது, ரிஃபைன் மேட்ச்சை எடுத்துவிட்டுச் செய்து, விலகல் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஒளி ஓட்டம் நன்றாக இருந்து, விலகல் டாலரன்ஸைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்றால் ஓரிரு ஐசோகர்வ்களை நீங்களே இன்செர்ட் நாட் மூலம் தேவையான இடத்தில் மட்டும் செருகுங்கள். இரண்டாவது, ட்ரிம் விளிம்பு கிட்டத்தட்ட ஐசோகர்வ் போகும் திசையிலேயே போகிறது என்றால், ட்ரிம்மைக் கழற்றிவிட்டு, பரப்பையே அங்கே ஐசோகர்வில் வெட்டி, ஷ்ரிங்க் ட்ரிம்டு சர்ஃபேஸ் கொடுத்துவிடுங்கள். இப்போது அது இயல்பான விளிம்பு. மூன்றாவதுதான் கார் ஸ்டுடியோக்களின் பழக்கம்: பெரிய பரப்புகள் இரண்டையும் தேவைக்கு மேல் நீட்டி, ஒன்றையொன்று வெட்டிப்போகும்படி கட்டிவிடுவது. அவை சந்திக்கும் கற்பனை விளிம்பின் இரு பக்கமும் ஒரு பட்டை அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் பிளெண்டை உட்காரவைப்பது. பிளெண்ட் கொஞ்சம் கனமாகிப்போனாலும் பாதகமில்லை. பெரிய பரப்பு சுத்தமாக நிற்கிறது, கண் பார்ப்பது அதைத்தான்.

மேட்ச்சே இல்லாமல் பரப்பு நெளிந்தால் குற்றவாளி பெரும்பாலும் உள்ளீட்டுக் கோடுகள். ஒரு கோட்டில் 5 புள்ளி, அடுத்ததில் 9, அடுத்ததில் 7 என்று கொடுத்து லாஃப்ட் செய்தால் (கோடுகளின் மேல் பரப்பைப் போர்த்தினால்) மென்பொருள் எல்லாவற்றையும் கூட்டி ஒரு வலை கட்டும். முதல் கோட்டை நன்றாக வரைந்து, அதையே நகலெடுத்து, புள்ளிகளை மட்டும் நகர்த்தி மற்ற கோடுகளைச் செய்யுங்கள். டிகிரியும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்து, லூஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால் லாஃப்ட் அந்தப் புள்ளிகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒரே ஸ்பான் கொண்ட இத்தகைய பரப்புகள்தான் பெசியே பரப்புகள். சிட்ரோயனில் 1959 வாக்கில் தெ காஸ்தல்ஜோவும், 1960-களில் ரெனோவில் பியேர் பெசியேவும் இந்தக் கணிதத்தை உருவாக்கியது கார் பாடிக்காகத்தான். கார் ஸ்டுடியோக்கள் இன்னும் அதை விடவில்லை என்பதில் வியப்பில்லை.

நடுக்கோட்டில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு, அல்லது பள்ளம்

பாதி வண்டி கட்டி மிர்ரர் செய்கிற எல்லோரும் சந்திப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வரிசைப் புள்ளிகள் எல்லாம் ஒய் = 0-வில் இருக்கின்றனவா? 0.003 என்று ஒன்றிரண்டு விலகியிருந்தாலும் செட் பாயின்ட் மூலம் ஒய்யை மட்டும் பூஜ்யமாக்குங்கள். அடுத்து, இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸும் இசட்டும் அதன் முதல் வரிசை ஜோடிக்கு உள்ளதே இருக்க வேண்டும், ஒய் மட்டும் மாறலாம். அதாவது பரப்பு நடுத்தளத்தை விட்டு நேர் செங்குத்தாகக் கிளம்ப வேண்டும். செட் பாயின்ட்டை மொத்த வரிசைக்கும் சேர்த்துக் கொடுத்தால் பானெட் தட்டையாகிவிடும், ஜோடி ஜோடியாகத்தான் செய்ய வேண்டும்.

இது சரியானால் ஜி1 கிடைக்கும். கூடவே ஜி2-வும் இலவசமாகக் கிடைக்கும், ஏனென்றால் இரு பக்கமும் ஒரே வளைவின் பிம்பம்தானே. ஜீப்ராவில் பட்டை ஒழுங்காக ஓடும். ஆனாலும் பெயின்ட் பளபளப்பில் நடுவில் ஏதோ ஒரு கோடு கண்ணில் படும். கர்வேச்சர் கிராஃப் (வளைவின் அளவைச் சீப்புப் பற்கள் போலக் காட்டும் வரைபடம்) போட்டுப் பாருங்கள். சீப்பின் உயரம் நடுக்கோட்டில் சமமாகச் சந்திக்கும், ஆனால் கூடாரத்தின் உச்சி போலக் கூராக இருக்கும். நடுவை நோக்கி வளைவு கூடிக்கொண்டே வந்து, பிம்பத்தில் சட்டென்று குறையத் தொடங்குகிறது.

இதைப் போக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது, ஒரே ஸ்பான் பரப்புக்கு. நடுவிலிருந்து முதல் நான்கு புள்ளிகளை ஒய் திசையில் சம இடைவெளியில் வையுங்கள். முதல் இரண்டும் ஒரே உயரம். மூன்றாவது புள்ளி எவ்வளவு இறங்குகிறதோ, நான்காவது அதைப்போல மூன்று மடங்கு இறங்க வேண்டும். பானெட்டின் ஒரு குறுக்கு வெட்டில் ஒய் 0, 120, 240, 360 என்று இருந்தால், இசட் 900, 900, 896, 888. மூன்றாவது 4 மி.மீ. இறக்கம், நான்காவது 12. இப்படி இருந்தால் நடுவில் வளைவின் ஏற்ற இறக்கம் பூஜ்யம், சீப்பு அந்த இடத்தில் தட்டையாகக் கடந்துபோகும். நான்காவது 12-க்குக் குறைவாக இறங்கினால் கூடாரம் எழும்பும். அதிகமாக இறங்கினால் நடுவில் தட்டையான ஒரு பள்ளத்தாக்கு வரும், சில வண்டிகளுக்கு அது வேண்டுமென்றே செய்வதும் உண்டு. டிகிரி 5 என்றால் ஐந்தாவது, ஆறாவது புள்ளிகளை உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, நடுவில் விளிம்பே வைக்காமல் இருப்பது. கூரைக்கு இது எனக்குப் பிடித்த வழி. இரு பக்கத்தையும் சேர்த்து ஒரே பரப்பாக, புள்ளிகளை ஒய் கூட்டலும் கழித்தலுமாகச் சமச்சீராக வைத்துக் கட்டிவிடலாம். பாதியை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு முனையில் பட்டைகள் எல்லாம் கூடிக் குவிகின்றன

பீட்டிலின் பானெட் முன்னால் போகப்போகக் குறுகும். அதைப் பார்த்ததும் மூன்று கோடு வரைந்து முக்கோணப் பரப்பு கட்டத் தோன்றும். நர்ப்ஸ் பரப்பு என்றால் நான்கு பக்கம். மூன்று கோடு கொடுத்தால் நான்காவது பக்கம் ஒரு புள்ளியாகச் சுருங்கி ஒரு முழு வரிசைப் புள்ளிகளும் அங்கே குவியும். அந்த இடத்தில் மேட்ச், ஆஃப்செட் எல்லாமே தகராறு செய்யும். நான்கு பக்கப் பரப்பாக முனையைத் தாண்டி அகலமாகக் கட்டிவிட்டு, பானெட்டின் வெளிக்கோட்டை மேலே போட்டு ட்ரிம் செய்யுங்கள். ஐந்து பக்க ஓட்டை வந்தாலும் இதே யோசனை. பேட்ச் கட்டளை துவாரத்தை மூடும், ஒளியை ஓட்டாது.

கதவு, பானெட் இடைவெளிகளில் வெளிச்சம் தாண்டிப்போக மறுக்கிறது

கதவைத் தனிப் பரப்பாகக் கட்டியிருப்பீர்கள். வேண்டாம். பக்கவாட்டு முழுவதையும் ஒரே ஓட்டமாகக் கட்டி முடித்து, ஜீப்ரா பார்த்துத் திருப்தியான பிறகு, கடைசியில் கதவின் கோட்டை வெட்டுங்கள். இன்றைய கார்களில் இந்த இடைவெளி சுமார் 3 முதல் 5 மி.மீ. வெட்டிய பிறகு விளிம்பை உள்பக்கம் சிறு ஆரத்தில் மடக்கிவிட்டால் தகடு போலத் தோன்றும்.

பக்கப் பார்வையில் பொருந்துகிறது, மேல் பார்வையில் பொருந்தவில்லை

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பார்வைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் தெரிந்த ஓர் அளவுக்குத் தனித்தனியாக அளவுமாற்றம் செய்யுங்கள். பீட்டிலுக்கு வீல்பேஸ் 2400 மி.மீ. பக்கப் பார்வையில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே 2400 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து, படத்தை அதற்கு நீட்டிச் சுருக்குங்கள். மேல் பார்வையை அதே கோட்டின் நீளத்துக்கு. முன் பார்வைக்குப் பக்கப் பார்வையில் கிடைத்த உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் சில மில்லிமீட்டர் இடிக்கும். அப்போது பக்கப் பார்வையை ஏற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் வழிகாட்டி அளவில் வைப்பது என் வழக்கம், ஏனென்றால் காரின் முகவெட்டு அங்கேதான் இருக்கிறது. படத்துக்கும் ஒளி ஓட்டத்துக்கும் சண்டை வந்தால் ஒளி ஓட்டத்தின் பக்கம் நில்லுங்கள்.

புகைப்படத்தைப் பின்னணியில் வைத்துக் கோடு எடுக்காதீர்கள். கேமராவுக்கு அருகில் உள்ள சக்கரம் பெரிதாகவும் நடுத்தளத்தில் உள்ள கூரைக்கோடு சிறிதாகவும் விழும். உருவத்தைப் பிடிக்கப் புகைப்படம் நல்லது, அளவெடுக்க அல்ல.

வேறு மென்பொருளில் திறந்தால் துண்டு துண்டாகிறது

ஸ்டெப் கோப்பாக (மென்பொருள்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் வடிவம்) அனுப்பினீர்கள், அங்கே திறந்ததும் சாலிட் (முழுதும் மூடிய உருவம்) ஆகவில்லை. பெறுகிற மென்பொருளின் டாலரன்ஸ் உங்களுடையதைவிட இறுக்கமாக இருக்கலாம், ஜாயின் எட்ஜ் மூலம் பொய்க்கணக்கு எழுதிய விளிம்புகளும் இருக்கலாம். அனுப்பும் முன் ஒரு நகலை எக்ஸ்ப்ளோட் செய்து, எல்லாவற்றுக்கும் ரீபில்டு எட்ஜஸ் கொடுத்து, மறுபடி ஜாயின் செய்து, ஷோ எட்ஜஸில் நேக்கட் எட்ஜ் எத்தனை என்று பாருங்கள். பழுதானவற்றைத் தேர்ந்து காட்டும் செல் பேட் ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையில் ஏதாவது சிக்கினால் அந்தப் பரப்பை மட்டும் பிரித்தெடுத்து, அன்ட்ரிம் செய்து, மறுபடி ட்ரிம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும்.